பார்லியும் திராட்சையும்: இத்தாலிய திராட்சை பீரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஐரோப்பியரின் பானங்களைக் குறித்து எழுதுகிறவர்கள் அக்கண்டத்தை ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கொண்டு இரண்டாக வகுத்துக் காட்டுவது வெகுகாலத்து வழக்கம். மலைக்கு வடக்கே, வெயில் குறைந்து தானியம் விளையும் நாடுகளில், முளைகட்டிய பார்லியைக் காய்ச்சிப் புளிக்கவைத்த பீர். தெற்கே, மத்தியதரைக் கடலை நோக்கிச் சரியும் குன்றுகளில், திராட்சையைப் பிழிந்து நொதிக்கவைத்த ஒயின். இந்த எல்லைக்கோட்டைத் தட்பவெப்பம் மட்டுமே கீறவில்லை; அந்தஸ்து என்ற ஒன்றும் அதனோடு சேர்ந்துகொண்டது. ரோமானிய சரித்திராசிரியர் டாசிடஸ், கி.பி. 98-ஐ ஒட்டி ஜெர்மானிய மக்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்கள் தானியத்திலிருந்து இறக்கும் பானத்தை ஒயினின் மட்டமான சாயல் என்ற அளவில் தொட்டுவிட்டு மேலே போகிறார். அந்த அலட்சியம் சாம்ராஜ்யம் அழிந்த பின்னும் அழியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரையில் சராசரி இத்தாலியனுக்கு ஒயின் என்பது உணவின் ஓர் அங்கம். பீர் என்பது கோடைகாலத்தில் பீட்ஸாவோடு குளிரக் குளிரக் குடித்து மறந்துவிடும் ஒரு தாகசாந்தி.

அத்தகைய தேசத்திலே, 2006-ஆம் ஆண்டை ஒட்டிச் சில சிறு பீர் ஆலைக்காரர்கள் தங்கள் அண்டைவீட்டுத் தோட்டத்துத் திராட்சையைப் பீரில் சேர்க்கத் தொடங்கினார்கள் என்பதும், பத்தாண்டுக்குள் அது நாட்டின் பெயரையே தாங்கிய ஒரு தனி வகையாக வெளிநாட்டாரால் அங்கீகரிக்கப்பட்டது என்பதும் சிந்தனைக்குரிய செய்திகள். இதை நாகரிக மோகத்தால் விளைந்த விநோதம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆயினும் அதன் வரலாற்றையும் ரசாயனத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வேறொரு முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது: இத்தாலிய பீர்க்காரனுக்குச் சொந்த மண்ணின் பார்லியும் இல்லை, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவும் இல்லை, தன் ஊரை அடையாளம் காட்டக்கூடிய மூலப்பொருளாக அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது திராட்சை ஒன்றே. அவன் அதை எடுத்தது அவசியத்தால். அதைப் பக்குவமாகப் பயன்படுத்தக் கற்றது அனுபவத்தால்.

பழைய கூட்டு

பார்லியும் திராட்சையும் ஒரே கலத்தில் கூடாத பொருள்கள் என்ற எண்ணமே பிற்காலத்தது. துருக்கியில், பண்டைய பிரிஜிய அரசின் தலைநகரமாக இருந்த கோர்டியனில், 1957-ஆம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகழ்வாராய்ச்சியாளர்கள் ஒரு மாபெரும் மண்மேட்டைக் குடைந்து உள்ளே சென்றபோது, கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் அரசனின் உடலையும், அவனது ஈமவிருந்தில் பயன்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வெண்கலப் பாத்திரங்களையும் கண்டார்கள். தொட்டதெல்லாம் பொன்னாகியதாகக் கதையில் சொல்லப்படும் மிடாஸ் மன்னனுடைய கல்லறை என்றும், அவன் தந்தையினுடையது என்றும் அறிஞர் கருதும் இடம் அது. அப்பாத்திரங்களின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த வண்டலைச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பாட்ரிக் மெக்கவர்ன் என்ற அறிஞர் ரசாயன முறையில் பகுத்தாராய்ந்தார். வண்டலில் டார்டாரிக் அமிலம் இருந்தது. அந்தப் பிரதேசத்தில் அது திராட்சைக்கே உரிய முத்திரை. கால்சியம் ஆக்சலேட் இருந்தது. பார்லி பீர் வைத்த கலங்களின் சுவரில் கல்லாகப் படிவது அதுவே. தேன்மெழுகின் கூறுகளும் இருந்தன. அரசனுக்காக வார்க்கப்பட்ட பானம் ஒயினும் பீரும் தேன்மதுவும் கலந்த ஒரு கூட்டு என்பது அவர் கண்ட முடிவு. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து டாக்ஃபிஷ் ஹெட் ஆலை அந்த முடிவை அடிப்படையாகக் கொண்டு, பார்லியும் மஸ்கட் திராட்சையும் தேனும் சேர்த்து, ‘மிடாஸ் டச்’ என்ற பெயரில் ஒரு பானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கான்டியோன் ஆலையாரும், காற்றிலுள்ள ஈஸ்டைக்கொண்டே புளிக்கவைக்கும் தங்கள் லாம்பிக் பீரில் செர்ரிப் பழத்தை ஊறப்போடும் பழைய சம்பிரதாயத்தை ஒட்டி, இத்தாலியருக்கு முன்பாகவே மஸ்கட் திராட்சையை ஊறப்போட்டார்கள். ஆகவே பீரில் திராட்சை சேர்ப்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் இத்தாலியர் என்று உரிமை கொண்டாட இடமில்லை. அவர்களுடைய விசேஷம் வேறிடத்தில் இருக்கிறது: மற்றவர்கள் ஒரு பானத்தைச் செய்த இடத்தில் இவர்கள் ஒரு மரபையே உண்டாக்கினார்கள்.

பொருளில்லாத தொழில்

இத்தாலியில் பீர் ஆலைகளுக்குக் குறைவிருக்கவில்லை. பெரோனி 1846-இல் விஜேவானோவிலும், மொரெட்டி 1859-இல் உதினேயிலும் தோன்றியவை. சார்டீனியத் தீவின் இக்னூசா 1912-இல் காக்லியாரியில் பிறந்தது. ஆனால் இவையெல்லாம் ஆஸ்திரிய, ஜெர்மானிய முறையைப் பின்பற்றித் தெளிந்த பொன்னிற லாகரைப் பெருமளவில் உற்பத்தி செய்தவை. ஒன்றின் சுவையிலிருந்து அது எந்த ஊர்ச் சரக்கு என்று எவரும் சொல்லிவிட முடியாது. சொல்லவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

மாறுதலுக்கு 1996-ஆம் ஆண்டை எல்லையாகக் கொள்வது அந்நாட்டு எழுத்தாளரின் வழக்கம். பியத்மோந்து மாகாணத்தின் பியோட்ஸோ கிராமத்தில் தேயோ மூஸ்ஸோவின் பலாதின், கோமோவுக்கருகே லூராகோ மரினோனேயில் அகோஸ்தீனோ அரியோலியின் பிர்ரிஃபீசியோ இதாலியானோ, மிலான் நகரத்து லம்பிராத்தே ஆகிய சிற்றாலைகள் அவ்வாண்டில் தொழிலைத் தொடங்கின. இவர்களுள் அரியோலி ஜெர்மானிய பில்ஸ்னரை நுட்பமாகச் செப்பனிட்டார். மூஸ்ஸோ பெல்ஜிய மரபைக் கையாண்டு, பீரை உயர்ந்த உணவு விடுதியின் மேசைக்கு ஏற்றுவதில் முனைந்தார். 75 சென்டிலிட்டர் புட்டி, ஒயினுக்குரிய தோரணை, உணவோடு பொருத்தம் பார்த்துப் பரிமாறுதல் ஆகியவை இக்குழுவினரால் பரவியவை. மூஸ்ஸோவும், குவாஸ்கா என்ற புனைபெயரால் பிரசித்தி பெற்ற பீர் விமரிசகர் லோரென்ஸோ தாபோவேயும் சேர்ந்து, 2006-இல் காம்பு வைத்த ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வடிவமைத்து, இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் இணைத்து ‘தேகு’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். இன்று உலகெங்கும் கைவினை பீரை ருசிபார்ப்பதற்கு அக்கிண்ணம் பயன்படுகிறது.

தோரணை வந்துவிட்டது, உள்ளடக்கம்? இத்தாலியில் அன்று வணிகரீதியான ஹாப்ஸ் சாகுபடி பெயருக்குக்கூட இல்லை. சிற்றாலைகளின் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் மூட்டையாக வந்தது; ஹாப்ஸ் பவேரியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பொட்டலமாக வந்தது; ஈஸ்ட் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஊர்த் தண்ணீரைத் தவிர வேறெதையும் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ள முடியாத ஒருவன், தன் பானத்தை இத்தாலிய பீர் என்று எந்த நியாயத்தால் அழைப்பது? பக்கத்து நிலத்தில் ஒயின்காரன் தன் திராட்சையின் வகையையும், குன்றின் முகத்தையும், அறுவடை ஆண்டையும் புட்டியின்மேல் பெருமையோடு பொறித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க, இக்கேள்வி அவனை உறுத்தியிருக்கவேண்டும். கஸ்டானியா என்னும் செஸ்ட்நட் பருப்பு, நாட்டுத் தானியங்கள், மலைத்தேன், புகையிலை என்று பலவற்றையும் அவர்கள் பரீட்சித்தார்கள். அவற்றுள் நிலைத்த மரபாக வேர்கொண்டது திராட்சையே. ஐந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ள ஒரு நாட்டில் அது வியப்புக்குரியதன்று.

சார்டீனியாவின் காய்ச்சிய சாறு

பொதுவாக இவ்வகையின் முதற்பானம் என்று சுட்டப்படுவது, சார்டீனியாவின் தென்கோடியில் மராகலகோனிஸ் என்ற ஊரிலுள்ள பார்லி என்னும் ஆலையில் நிக்கோலா பெர்ரா 2006-இல் காய்ச்சிய ‘பிபி10’. இத்தாலியின் மற்றப் பிரதேசத்தாரைக் காட்டிலும் அதிகமாகப் பீர் அருந்துகிறவர்கள் என்று பெயரெடுத்த மக்கள் வாழும் தீவில் இது பிறந்தது என்பது பொருத்தமே. ஆனால் பெர்ரா சேர்த்தது பச்சைத் திராட்சைச் சாறன்று. ‘சாபா’ என்று அத்தீவினர் அழைக்கும் காய்ச்சிய சாறு.

சாபாவின் பூர்வோத்தரம் பழமையானது. ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சியதை ஸாபா என்றும், பாதியாகச் சுண்டியதை தெஃப்ருதும் என்றும் வழங்கியதாக ரோமானிய எழுத்தாளர் ப்ளினி எழுதிவைத்திருக்கிறார். சர்க்கரை அறியாத அச்சமூகத்தில் இனிப்புக்கும், கெடாமல் காப்பதற்கும் அதுவே உபாயம். ஈயம் பூசிய கொப்பரையில் அதைக் காய்ச்சும் வழக்கத்தால் அவர்கள் தங்களை அறியாமலே நஞ்சையும் உட்கொண்டார்கள் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சொல்வதுண்டு. சார்டீனியக் கிராமங்களில் அந்தச் சம்பிரதாயம் அறுந்துபோகவில்லை. அறுவடை முடிந்ததும் சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, சிறு தீயில் பல மணிநேரம் கிண்டிக் கொதிக்கவைப்பார்கள். நம் பனங்காட்டுப் பெண்கள் பதநீரைப் பாகாக இறக்குவதைக் கண்டவர்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. நுரையெழும்பி அடங்கி, நிறம் கறுத்து, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் பதத்தில் அதை எடுத்துவைத்து, குளிர்காலத்துத் திருநாட் பலகாரங்களில் சேர்ப்பார்கள்.

இந்தக் காய்ச்சிய சாற்றைப் பெர்ரா கன்னோனாவ் திராட்சையிலிருந்து பெற்றார். பிரான்சில் கிரெனாஷ் என்றும் ஸ்பெயினில் கர்னாச்சா என்றும் வழங்கும் அதே கருந்திராட்சை, சார்டீனியாவின் உச்சி வெயிலில் சர்க்கரை மிகுந்து பழுப்பது. அவர் எடுத்துக்கொண்ட பீரும் அதற்கு ஈடான கனமுடையது: வறுத்த மால்ட்டின் கருமையும் கசப்பும் கொண்ட இம்பீரியல் ஸ்டவுட், மதுவளவு 10 சதவீதம். இங்கே அவர் காட்டிய நுட்பம் கவனிக்கத்தக்கது. பச்சைச் சாற்றை இத்தகைய வலிய பீரில் ஊற்றியிருந்தால், மால்ட்டின் கருகல் வாசனை திராட்சையை விழுங்கியிருக்கும். திராட்சையின் புளிப்பு மால்ட்டோடு ஒட்டாமல் தனித்துக் குத்தியிருக்கும். நெடுநேரம் கொதித்த சாறோ, வறுத்த மால்ட்டில் தோன்றும் அதே வகையான பழுப்பு நிற வினைகளுக்குத் தானும் உட்பட்டுவிடுகிறது. ஆகவே இரண்டும் சந்திக்கும்போது அந்நியப் பொருள்களாகச் சந்திப்பதில்லை; உலர்ந்த பிளம், அதிமதுரம், காப்பி என்று ஒரே குடும்பத்துச் சுவைகளாக இசைந்துவிடுகின்றன. இம்முறையை அவர் பின்னர் வேறு திராட்சைகளுக்கும் விரித்தார். காக்லியாரிப் பக்கத்து நாஸ்கோ என்ற வெண்திராட்சையின் சாபாவைச் சேர்த்துச் செய்த ‘பிபி எவோ’ என்ற பார்லி ஒயின் வகை பீர் அவற்றுள் ஒன்று.

இரண்டு சாறுகளின் சுபாவம்

பியத்மோந்தின் ஆலைகளுக்குச் செல்லுமுன், பச்சைத் திராட்சையைச் சேர்ப்பதில் உள்ள தொல்லைகளை விளக்கிவிடுவது நலம்; ஏனெனில் இவ்வகை பீரின் பக்குவமெல்லாம் அத்தொல்லைகளைத் தீர்ப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் சாதாரணமாக 100 கிராமுக்குச் சுமார் 12 கிராம் கரைந்த பொருள் இருக்கும். பழுத்த திராட்சையின் சாற்றிலோ 20 முதல் 24 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அளவைவிட முக்கியமானது தன்மை. மால்ட் சாற்றின் சர்க்கரையில் பெரும்பகுதி மால்டோஸ். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஈஸ்டால் உண்ண இயலாத டெக்ஸ்ட்ரின். பீருக்கு நாவில் உணரும் உடலைத் தருவது இதுவே. திராட்சைச் சர்க்கரையோ குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சேர்ந்தது. ஈஸ்ட் அதை முழுவதும் உண்டு தீர்த்துவிடுவதால், சாறு சேரச் சேர மதுவளவு ஏறுகிறது, உடலோ மெலிகிறது. குளுக்கோஸ் கண்ணெதிரே இருக்கும்வரை ஈஸ்ட் மால்டோஸைத் தொடாது. முதலிலேயே திராட்சைச் சாற்றை ஊற்றினால், எளிய உணவுக்குப் பழகிய ஈஸ்ட் பிறகு மால்டோஸைக் கண்டு சோம்பி, நொதித்தல் பாதியில் நின்றுவிடக்கூடும். ஆகையால் மால்ட் சாறு நன்றாக நொதித்து வேகம் தணியும் தறுவாயில் திராட்சையைச் சேர்ப்பதே பெரும்பாலோர் கைக்கொண்ட முறை.

அமிலம் இரண்டாவது சங்கடம். பீரின் பிஎச் அளவு சாதாரணமாக 4.2 முதல் 4.5, திராட்சைச் சாற்றினது 3 முதல் 3.5. திராட்சையின் டார்டாரிக், மாலிக் அமிலங்கள் பீருக்கு உயிர்ப்பான புளிப்பைத் தருகின்றன. ஆனால் ஹாப்ஸின் கசப்பும், தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பும், இந்தப் புளிப்பும் ஒருங்கே மிகுந்தால் வாய் சுருங்கிவிடும். திராட்சை பீர்களில் ஹாப்ஸ் மிகக் குறைவாகவே இடப்படுவதற்குக் காரணம் இது. கருந்திராட்சைத் தோலின் சிவப்பு நிறமும் அமிலத்தைப் பொறுத்தே சுடர்வது. ஒயினில் மாணிக்கமாக விளங்கும் அதே சாயம் அமிலம் குன்றிய பீரில் மங்கிப் பழுப்பேறுகிறது.

ஈஸ்டுகளுக்குள்ளும் பகை உண்டு. ஒயின் ஈஸ்டுகள் பலவற்றுக்குப் பிற ஈஸ்டைக் கொல்லும் ஒருவகை நச்சுப்புரதத்தைச் சுரக்கும் குணம் இருக்கிறது. பீர் ஈஸ்டுகள் அதற்கு எளிதில் இரையாகிவிடும். பறித்த பழத்தின் தோலிலோ பலவகைக் காட்டு ஈஸ்டுகளும் பாக்டீரியங்களும் குடியிருக்கின்றன. அவற்றை அஞ்சுகிறவர் சாற்றைச் சூடேற்றியோ கொதிக்கவைத்தோ சேர்க்கிறார்; அவற்றை விரும்புகிறவர் பழத்தை அப்படியே நசுக்கிப் போடுகிறார்.

இத்தனை முரண்பாட்டுக்கிடையே இயற்கையாய் அமைந்த ஓர் உறவும் இருக்கிறது. மொஸ்காத்தோ முதலிய மணமுள்ள திராட்சைகளின் நறுமணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் என்னும் பொருள்கள் ஹாப்ஸ் பூவிலும் இருக்கின்றன. வெண்திராட்சை பீர்கள் முதல் முயற்சியிலேயே இசைந்து வருவதற்கும், கருந்திராட்சை பீர்கள் பழகப் பழகவே கைவசப்படுவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

பியத்மோந்தின் தோலும் மரமும்

தூரின் நகரத்துக்கு அருகே மரெந்தீனோ என்ற குன்றூரில் 2009-இல் லவர்பீர் என்ற ஆலையைத் தொடங்கிய வால்டெர் லொவெரியெர், மேற்சொன்ன பகையை அஞ்சாமல் வரவேற்றவர்களுள் முதன்மையானவர். அவரது ‘பீர்பேரா’, பெயரே காட்டுவதுபோல, பார்பேரா என்னும் பியத்மோந்தின் கருந்திராட்சையைக் கொண்டது. அறுவடைக் காலத்தில் பார்பேராவை நசுக்கி, காய்ச்சி ஆறவைத்த மால்ட் சாற்றோடு மரத்தொட்டியில் சேர்க்கிறார். ஈஸ்ட் எதையும் தனியாக இடுவதில்லை. திராட்சைத் தோலின்மேல் தோட்டத்திலிருந்தே ஒட்டிவந்த உயிர்கள்தாம் நொதித்தலைத் தொடங்கிவைக்கின்றன. முதலில் வீரியமில்லாத ஈஸ்டுகள் கிளம்பிப் பழமணத்தைப் பரப்பிவிட்டு மதுவேற ஏற மடிகின்றன. பின்பு வலிய ஈஸ்டுகள் தலையெடுத்துச் சர்க்கரையைத் தீர்க்கின்றன. மாதங்கள் கழிய, மரத்தின் துளைகளில் வாழும் பிரெட்டனோமைசஸ் என்னும் காட்டு ஈஸ்டும் பாக்டீரியங்களும் மிஞ்சியதை மெல்ல உண்டு, புளிப்பையும் பதனிட்ட தோலின் சாயலையும் தருகின்றன.

பார்பேராவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கருத்து உண்டு. கருந்திராட்சைகளுள் அது அமிலம் மிகுந்து துவர்ப்புக் குறைந்தது, நிறமோ அடர்த்தியானது. பீரில் துவர்ப்பு தீங்கு என்பதையும், நிறம் நிலைக்க அமிலம் வேண்டும் என்பதையும் முன்பே கண்டோம். ஆகவே அவ்வூர்க் குடியானவர் அன்றாடம் அருந்தும் எளிய ஒயினுக்குரிய இத்திராட்சை, பீருக்கென்றே பிறந்ததுபோல் அமைந்துவிடுகிறது. பரோலோ என்ற மகத்தான ஒயினைத் தரும் நெப்பியோலோ, தன் துவர்ப்பின் காரணத்தாலேயே இங்கே இத்தனை எளிதாக இணங்குவதில்லை. நெப்பியோலோவின் நெருங்கிய உறவான ஃப்ரெய்ஸாவின் சாற்றையும் லொவெரியெர் ‘துவாபீர்’ என்ற மற்றொரு பானத்தில் பயன்படுத்துகிறார்.

அதே மாகாணத்தின் கிழக்குப் புறத்தில், தோர்தோனாக் குன்றுகளுக்கிடையே, மோந்தெஜோகோ என்ற சிற்றூரில் ரிக்கார்தோ ஃப்ரன்ஸோஸி நடத்தும் ஆலையின் ‘திபிர்’ வேறொரு போக்குக்கு உதாரணம். இதில் சேர்வது திமோராஸ்ஸோ என்ற வெண்திராட்சை. விளைச்சல் ஒழுங்கற்றது, பயிரிடக் கடினமானது என்று கைவிடப்பட்டு ஏறக்குறைய அழிந்தேபோன இக்கொடியை, 1980-களில் அப்பகுதி ஒயின்காரர் வால்டெர் மாஸ்ஸா பிடிவாதமாக மீட்டெடுத்தார். இன்று அது அக்குன்றுகளின் பெருமை. ஒயின்காரன் காப்பாற்றிய கொடியை அண்டைப் பீர்க்காரன் தனக்கும் உரியதாக ஏற்றுக்கொண்டதைப் பார்க்கையில், பீரில் திராட்சை சேர்வது சுவைக்காக மட்டும் நடப்பதன்று என்பதும், அது ஒரு கிராமத்தின் விவசாயத்தோடு உறவு பூணும் செயல் என்பதும் விளங்கும்.

மத்திய இத்தாலியின் முறை மற்றொன்று. ரியேத்தி மாவட்டத்துப் போர்கோரோஸேயில் 2005-இல் லியொனார்தோ தி வின்சென்ஸோ நிறுவிய பிர்ரா தெல் போர்கோ, ‘லெக்விலிபிரிஸ்தா’ என்ற பானத்தில் தன் பீர்ச் சாற்றோடு தஸ்கனியின் சாஞ்ஜொவேஸே திராட்சைச் சாற்றைக் கணிசமாகக் கலந்து, ஷாம்பெய்ன் முறைப்படி புட்டியிலேயே மறுபடி நொதிக்கவைத்து, கழுத்தில் இறங்கிய வண்டலை வெளியேற்றி, இறுதியில் இனிப்புச் சாறு சிறிது சேர்த்து அடைத்தது. கம்பிமேல் நடப்பவன் என்ற அப்பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை. அந்த ஆலையை 2016-இல் ஏபி இன்பெவ் என்ற பன்னாட்டுப் பெருநிறுவனம் வாங்கிவிட்டது. சிற்றாலை இயக்கத்தினுள்ளே அது எழுப்பிய விவாதம் தனிக் கட்டுரைக்குரியது.

சட்டமும் வரியும்

எந்த எல்லைவரை இது பீர், எந்த இடத்தில் வேறு பொருளாகிவிடுகிறது என்ற கேள்வி தத்துவ விசாரணையாகத் தோன்றலாம். சட்டத்துக்கோ அது கணக்கு. இத்தாலியில் பீரைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1962 ஆகஸ்ட் 16-இல் இயற்றப்பட்ட 1354-ஆம் எண் சட்டம். மால்ட்டுக்குப் பதிலாக வேறு தானியங்களையோ மாவுப்பொருள், சர்க்கரைப்பொருள்களையோ பயன்படுத்தலாம் என்றும், ஆனால் அவை சாற்றிலுள்ள உலர்பொருளில் 40 சதவீதத்தை மிஞ்சக்கூடாது என்றும் அது வரையறுக்கிறது. சோளத்தையும் அரிசியையும் மனத்தில் வைத்துப் பெருநிறுவனங்களுக்காக எழுதப்பட்ட அந்த வாசகம், பின்னாளில் திராட்சைக்கும் வாயிலாயிற்று.

வரியோ எதிர்ப்புறமாக இழுக்கிறது. இத்தாலியில் ஒயின்மீது விதிக்கப்படும் கலால் தீர்வை பூஜ்யம். பீருக்கோ நொதிக்குமுன் சாற்றிலிருந்த பொருளின் அளவைக் காட்டும் பிளாட்டோ என்ற அலகின்படி, ஹெக்டாலிட்டருக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். ஒயினாகப் போயிருந்தால் ஒரு காசும் செலுத்தவேண்டாத திராட்சைச் சர்க்கரை, பீருக்குள் புகுந்த மாத்திரத்தில் அதன் அலகை உயர்த்தி வரியைப் பெருக்குகிறது. இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டும் சிற்றாலைக்காரர் திராட்சையை விடவில்லை என்பது, இலாபத்தைத் தவிர வேறு நோக்கமும் அவர்களுக்கு இருந்ததற்குச் சான்று.

2010-இல் ஓர் அமைச்சக ஆணையால் மால்ட்டும் பீரும் விவசாயத்தைச் சார்ந்த உற்பத்திகளின் பட்டியலில் இடம்பெற்றன. தன் நிலத்தின் பார்லியைக் கொண்டு பீர் காய்ச்சும் விவசாயி அதன்பின் விவசாயியாகவே கருதப்பட்டார். 2016-இன் 154-ஆம் எண் சட்டம், கைவினை பீர் என்பதற்கு முதன்முதலாக இலக்கணம் வகுத்தது: ஆலை சுதந்திரமானதாக இருக்கவேண்டும், ஆண்டு உற்பத்தி 2,00,000 ஹெக்டாலிட்டரை மிஞ்சக்கூடாது, பீரைப் பாஸ்டர் முறையில் சூடேற்றவோ நுண்வடிகட்டவோ கூடாது.

இதற்கிடையே வெளிநாட்டு அங்கீகாரம் வந்துசேர்ந்தது. அமெரிக்காவில் 1985 முதல் இயங்கிவரும் பீர் நடுவர் சான்றளிப்புக் கழகம், 2015-இல் வெளியிட்ட தன் இலக்கணத் தொகுதியின் பிற்சேர்க்கையில், உள்ளூர் வகைகள் என்ற தலைப்பின்கீழ் ஆர்ஜெண்டீனாவின் இரண்டு பீர்களோடு ‘இத்தாலியன் கிரேப் ஏல்’ என்பதையும் சேர்த்தது. பெரும்பாலும் பில்ஸ்னர் மால்ட்டை அடிப்படையாகக் கொள்ளலாம். திராட்சையின் பங்கு மூலப்பொருளில் 40 சதவீதம் வரை போகலாம். திராட்சையின் குணம் தெரியவேண்டும், ஆனால் மற்றவற்றை மூடிவிடக்கூடாது. ஹாப்ஸின் வாசனை முன்வரலாகாது என்பன அதன் சாரம். இத்தாலியச் சட்டத்திலுள்ள அதே 40 இங்கும் தென்படுவதை வாசகர் கவனிக்கலாம்.

மறுப்பும் மதிப்பீடும்

இவ்வகையை ஏற்காதவர்களின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துச்சொல்லவேண்டும். நல்ல திராட்சை நல்ல ஒயினாவதே முறை; அதைப் பீரில் ஊற்றுவது இரண்டையும் கெடுப்பதாகும் என்பது ஒயின்காரர் பக்கத்து அபிப்பிராயம். பழம் சேர்த்த பீர் பெல்ஜியத்தில் நூற்றாண்டுக்கணக்காக இருக்கையில், ஒரு பழத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தேசியப் பெயர் சூட்டுவது வெறும் வியாபார சாமர்த்தியம் என்பது பீர்க்காரர் பக்கத்து அபிப்பிராயம்.

முதல் வாதத்தில் உண்மை உண்டு. எல்லாத் திராட்சை பீரும் நன்றாயிருப்பதில்லை. ஒயினைப்போலத் தோன்றவேண்டும் என்ற ஆசையால் சாற்றை அளவுக்குமேல் ஊற்றி, மால்ட்டின் சுவடே தெரியாமல் மெலிந்து புளித்த பானங்களும், பெயருக்குச் சிறிது சாறு காட்டி விலையை மட்டும் உயர்த்திய பானங்களும் சந்தையில் உண்டு. ஆனால் தோல்விகளைக்கொண்டு ஒரு வகையை அளப்பது முறையன்று. பார்பேராவும் கன்னோனாவ் சாபாவும் காட்டுவது, ஒயினில் உச்சத்தை எட்டாத ஒரு திராட்சையும், ஒயினில் இடமே இல்லாத ஒரு காய்ச்சிய சாறும் பீரில் தமக்கென ஒரு பதவியைப் பெறமுடியும் என்பதையே. இரண்டாவது வாதத்துக்கு விடை இன்னும் எளிது. பெல்ஜியத்துச் செர்ரி பீர் ஒரு பழத்தின் சுவையைத் தருகிறது. இத்தாலியத் திராட்சை பீரோ, வகையும் ஊரும் அறுவடையும் பிரிக்கமுடியாதபடி பிணைந்த ஒரு விவசாயப் பொருளைத் தருகிறது. ஆண்டு முழுவதும் எந்நாளிலும் காய்ச்சக்கூடிய பீர், இங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் அறுவடைக்குக் கட்டுப்படுகிறது. மழை அதிகமான வருஷத்துப் பீரும் வெயில் அதிகமான வருஷத்துப் பீரும் ஒன்றாயிருப்பதில்லை. மூட்டை மால்ட்டைக்கொண்டு என்றும் மாறாத சுவையை வழங்குவதே தொழில்திறன் என்று நினைத்திருந்த ஒரு தொழிலுக்கு இது புதிய ஒழுக்கம்.

அந்த ஒழுக்கத்துக்கு ஆபத்தும் இனி உண்டு. இலக்கணம் அச்சாகிவிட்டதால், இவ்வகை பீரை இன்று எந்த நாட்டாரும் காய்ச்சலாம். ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் உள்ளதுபோன்ற பிரதேசப் பெயர்ப் பாதுகாப்பு இதற்கில்லை. இறுகக் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்து விற்கும் சாற்றை எங்கிருந்தோ வாங்கி, எந்த மாதத்திலும் ஊற்றி, இலக்கணத்தின் ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றிய ஒரு பானத்தைச் செய்துவிட முடியும். நடுவர் அதற்குப் பதக்கமும் அளிக்கக்கூடும். இத்தாலியிலேயே அப்படிச் செய்கிறவர் தோன்றினால், பார்லியையும் ஹாப்ஸையும் போலத் திராட்சையும் மூட்டைச் சரக்காகிவிடும். எந்தக் குறையைத் தீர்க்க அதை நாடினார்களோ அக்குறை மறுபடி தலைதூக்கும்.

ஆதலால் இவ்வகையின் தகுதியை நடுவர் இலக்கணத்தைக் கொண்டு மட்டும் அளக்காமல், புட்டியின்மேல் ஒட்டிய சீட்டைக் கொண்டும் அளக்கவேண்டும் என்பது நம் முடிவு. எந்தத் திராட்சை, எவருடைய நிலத்தில் எந்த ஆண்டு பறித்தது, பச்சையாகவா காய்ச்சியா, நொதித்தலின் எந்தக் கட்டத்தில் சேர்த்தது என்ற கேள்விகளுக்கு அச்சீட்டு விடை சொல்லுமானால், இத்தாலிய என்ற அடைமொழி அந்தப் பானத்துக்கு உரியது. சொல்லாவிட்டால் அது திராட்சை வாசனை ஏற்றிய பீர். அதைக் குடிப்பதில் தவறில்லை, அதற்கு ஒரு தேசத்தின் பெயரைச் சூட்டுவதில்தான் தவறு.